கெடார் கிணற்றருகில் நீ சொன்ன பதில்

தம்பி,

நேற்று போனில் நீ கேட்டதும் அடுப்பில் குக்கர் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. பதில் சொல்லப் பயமாக இருந்தது. ஊழியப் பயிற்சிப் பள்ளியில் உன்னை ஆசிரியராக அழைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை திண்டிவனம் சபையை விட்டுக் கிளம்புகிறாய். முதலில் எடுக்கப்போவது மனவியலும் நற்செய்திப் பணியும் என்ற பாடம். "இத்தனை வருஷமா மனநல கிளினிக்ல கவுன்சலரா இருக்க. மனுஷங்க மனசு எப்படி மாறுதுன்னு உனக்குத் தெரியும். பசங்களுக்கு நான் என்னம்மா சொல்லட்டும்?" என்றாய். சந்தோஷமாகத்தான் கேட்டாய். எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. மனசு எப்படி மாறும் என்று தெரிந்துகொண்டவன் அந்த அறிவை ஒருவனைப் புரிந்துகொள்ளவும் பயன்படுத்தலாம், அவனை வளைக்கவும் பயன்படுத்தலாம். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அந்த வகுப்பில் உட்காரும் இளைஞர்கள் ஊர் ஊராகப் போகப்போகிறவர்கள். அவர்கள் கையில் நீ எதைக் கொடுத்து அனுப்புவாய் என்ற யோசனையிலேயே நேற்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அதனால் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். வேண்டுமானால் வகுப்பிலேயே இதைப் படித்துக் காட்டு. கிணற்றருகில் நின்ற அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்கம்மா. எங்க பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். ஆகவே இந்தக் கடிதத்தில் அவள் பெயர் செண்பகம், அவள் புருஷன் ஏழுமலை.

அவர்களைப் பற்றிச் சொல்லும் முன் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ ஏன் கடவுளுக்காக வாதிட ஆரம்பித்தாய் என்பது எனக்குத் தெரியும். நீ யாரிடமும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உன் அப்பா சிறுநீரகம் கெட்டு, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து ஓய்ந்து இறந்தபோது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். அவர்கள் குடும்பத்தில் முதலில் சபைக்கு வந்தவர் அப்பாதான். உன் பெரியப்பா அதை மன்னிக்கவே இல்லை. சவப்பெட்டியை வாசலில் இறக்கியதும், அத்தனை பேர் பார்க்க, உன்னைத்தான் கேட்டார். "உங்க சாமி எங்கடா போனாரு? கண்ணை மூடிக்கினு கெடந்தீங்களே, வந்தாரா?" நீ வாயைத் திறந்தாய். சத்தம் வரவில்லை.  அதற்குப் பிறகு நீ பதில்களாகச் சேர்க்கத் தொடங்கினாய். கடவுள் உண்டு என்பதற்கு, துன்பம் ஏன் என்பதற்கு, இயேசுவின் கல்லறை காலியாக இருந்தது என்பதற்கு. எவன் எதைக் கேட்டாலும் உன்னிடம் பதில் இருந்தது. கல்லூரிப் பசங்கள் உன்னைத் தேடி வந்தார்கள். நல்ல பதில்கள்தான், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் யார் எதிரே உட்கார்ந்திருந்தாலும் நீ பதில் சொல்லிக்கொண்டிருந்தது உன் பெரியப்பாவுக்குத்தான். எதிரில் இருப்பவர் முகம் உன் கண்ணில் படவே இல்லை.

போன வருடம் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முன்பு கூட்டேரிப்பட்டில் கூட்டம் போட்டீர்கள். ஹைவே கடைகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, பஸ் ஹாரன் சத்தம் வேறு. நான் கடைசி வரிசையில் இருந்தேன். இயேசு உயிர்த்தெழுந்தது கதையல்ல, நடந்தது என்று ஒவ்வொரு காரணமாக எடுத்து வைத்தாய். கண்ணால் கண்டவர்கள் உயிரைக் கொடுக்கத் துணிந்தார்களே, பொய்க்காக யாராவது சாவார்களா என்று கேட்டாய். எனக்கே சிலிர்த்தது. பிறகு கீபோர்டு மெதுவாக ஒலித்தது. எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னாய். "நாளை உங்கள் கையில் இல்லை, இந்த நிமிடம்தான் உங்களுடையது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். முன்வரிசையில் ஒரு பெண் அலறி அழுதுகொண்டே எழுந்தாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். 

அவள்தான் செண்பகம், எங்கள் கிளினிக்கில் வைத்தியம் பார்த்துக்கொள்பவள். கெடாரில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்து சில நாளிலேயே ஆண் குழந்தை இறந்துபோய், தூக்கமில்லாமல், காதில் குழந்தை அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்த நிலையில் ஏழுமலை அவளைக் கூட்டி வந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் சத்தம் அடங்கி, சமைத்து, பெரிய பெண்ணுக்குத் தலைசீவிவிடும் அளவுக்குத் தேறியிருந்தாள். கூட்டேரிப்பட்டு அவள் அம்மா வீடு. ஓய்வுக்கு வந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரி கூட்டத்துக்கு அழைத்து வந்திருக்கிறாள். இதில் ஒரு வார்த்தையைக்கூட அன்று உன்னிடம் நான் சொல்ல முடியவில்லை. கிளினிக்குக்கு வருகிறவர் யார், என்ன நோய் என்பது அங்கேயே இருக்க வேண்டும். பெற்ற மகனுக்கும் சொல்லக்கூடாது.

மறுவாரம், ஆண்டவர் தன்னைத் தேற்றியதாக அவள் சபையில் சொன்ன சாட்சியை வீடியோ எடுத்து நீ போனில் எல்லாருக்கும் அனுப்பினாய். எனக்கும் வந்தது. "மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன். இப்ப நல்லா இருக்குறேன்" என்று செண்பகம் சொல்கிறாள். சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். தட்டுவதில் உன் கையும் இருக்கிறது. உங்கள் குழுவில் யாரோ அவளிடம், ஆண்டவர் தொட்ட பிறகு மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நம்பிவிட்டாள்.

நான் உடனே ஏழுமலைக்குப் போன் செய்தேன். "நல்லா சிரிச்சிக்கினு இருக்குது மேடம். காலைல எழுந்து வீடெல்லாம் கழுவி விடுது. மாத்திரை போட்டுக்குதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். நிறுத்திவிட்டதாக அவளே சொல்கிறாள், நேரில் கூட்டி வாருங்கள் என்றேன். மல்லாட்டை பிடுங்கும் நேரம், கடலை அறுவடை முடிந்ததும் வருகிறோம் என்றார். பிறகு உனக்குப் போன் செய்தேன். காரணத்தைச் சொல்லாமல் அந்த வீடியோவை எடுத்துவிடு என்று மட்டும் சொன்னேன். நமக்குள் என்ன நடந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். "அவங்க சொன்ன சாட்சியை நான் வெட்டி ஒட்ட முடியாதும்மா" என்றாய். நான் குரலை உயர்த்தினேன். "நீ விசுவாசத்தையே ஒரு வியாதியாப் பாக்குற" என்றாய். நான் உடைந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் கையைப் பிடித்துச் சபைக்கு அழைத்துப்போனவள் நான். பல நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை.

கோபம் ஆறாமலே ஒரு சனிக்கிழமை மதியம் விழுப்புரம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். இலையில் சோறு வைத்திருந்தேன். அப்போது ஏழுமலையின் போன் வந்தது. அவர் குரலை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"மேடம், ஜல்தி வாங்க. கொழந்தையப் பொதைச்ச எடத்துல போய் நின்னுக்கினு இருக்கா. பெரிய புள்ளையையும் இழுத்துக்கினு போயிட்டா. கிட்டப் போனா கெணத்துப் பக்கமா நகர்றா."

யாரும் அருகில் போகாதீர்கள், கூட்டத்தை விலக்குங்கள், ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள் என்றேன். நீ என்னை ஒன்றும் கேட்காமல் பைக்கை எடுத்தாய். கெடார் ரோட்டில் ஏறிய பிறகுதான் உன் காதருகில் சொன்னேன், வீடியோவில் இருக்கிற அந்தப் பெண்தான், எங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவள் என்று. உயிர் போகும் ஆபத்து என்றால் அந்த ரகசியக் கட்டுப்பாடு தளரும். உன் முதுகு விறைத்துக்கொண்டதை என் கை உணர்ந்தது. நீ வண்டியின் வேகத்தைக் கூட்டினாய்.

அந்த இடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பிடுங்கிப் போட்ட மல்லாட்டைக் கொடி வெயிலில் காய்ந்து கிடந்தது. அதற்கப்பால் விளிம்பு இடிந்த கிணறு. அதற்குப் பக்கத்தில், நாய் தோண்டிவிடாமல் இருக்க ஒரு கல்லைப் புரட்டி வைத்த சின்ன மண்மேடு. செண்பகம் கல்யாணப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலை குளித்த ஈரம் முதுகில் சொட்டியது. மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம், தம்பி. என் வேலையில் நான் கண்ட எந்தக் கண்ணீரும் அந்தச் சந்தோஷத்தைப்போல என்னைப் பயமுறுத்தியதில்லை. "கல்லை எடுங்க! நேரமாவுது, கல்லை எடுங்க!" என்று எல்லாரையும் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஏழுமலையின் அண்ணன் உன்னை அடையாளம் கண்டுகொண்டார். "இவன்தான்! இவன் வந்து ஓதித்தான் இவளுக்குப் பைத்தியம் முத்திப்போச்சு!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஏழுமலை அவரைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். நான் தூரத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசினால் பிடிக்க வருகிறோம் என்று நினைப்பாள். அவள் நம்புவதைப் பற்றி எதுவும் பேசவில்லை. "செண்பகம், பாப்பா கால்ல செருப்பு இல்ல பாரு. சூடு தாங்காம காலை மாத்தி மாத்தி வெக்கிது. கொஞ்சம் இப்படி நெழலுக்கு வாயேன்" என்றேன். அவள் குனிந்து பார்த்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களிடமிருந்து விலகி இன்னும் ஓர் அடி பின்னால் போனாள். குழந்தையின் கால் கிணற்றுக்கு மேலாகத் தொங்கியது.  சரியான வார்த்தை என்று நினைத்து நான் சொன்னதுதான் அவளை விளிம்புக்குத் தள்ளியது.

அப்போது அவள் உன்னைப் பார்த்துவிட்டாள். "பாஸ்டர் வந்துட்டாரு! நீங்க சொல்லுங்க இவங்ககிட்ட. கல்லறையால புடிச்சி வெக்க முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? எம்புள்ள இன்னைக்கு எழுந்துக்கும் இல்ல?"

கொட்டகையில் நீ எடுத்து வைத்தது ஒரு வாதம். குழந்தையைப் புதைத்தவள் காதில் அது வாக்குறுதியாக விழுந்திருந்தது. ஏழுமலை உன் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்கும் கேட்டது. "ஆமான்னு சொல்லுய்யா. சொல்லிப் புள்ளைய வாங்கு." எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான். ஆமாம் என்று சொல்லவும் கூடாது, இல்லை என்று மறுக்கவும் கூடாது, பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் நான் படித்தது. உன்னைப் பார்த்துத் தலையசைத்தேன், வாயைத் திறக்காதே என்று.

நீ என்னைப் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி மண்ணில் உட்கார்ந்தாய். கூட்டத்தில் எல்லாப் பெண்களையும் சகோதரி என்றுதான் கூப்பிடுவாய். அன்று "அக்கா" என்றாய்.

"இல்லக்கா. இன்னைக்கு எழுந்துக்காது."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"நான் பேசினது உங்க காதுல எப்படி விழும்னு நான் யோசிக்கவே இல்லக்கா. மாத்திரைய நிறுத்திட்டேன்னு நீங்க சொன்னப்ப நான் கைதட்டினேன். அது தப்பு. உங்க புள்ள ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியல. எங்கப்பா செத்தப்பவும் ஒருத்தர் கேட்டாரு. அன்னைக்கும் தெரியல. இன்னும் தெரியல."  நீ அழுதாய். அப்பாவின் பெட்டியருகில்கூட நீ அழவில்லை.

செண்பகம் உன்னையே பார்த்தாள்.  "ஒங்களுக்கும் தெரியாதா?" என்றாள்.

"தெரியாதுக்கா."

"அப்ப நான் எங்க போயி கேப்பேன்?" என்றவள் முன்னால் வந்து அந்த மண்மேட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கிணற்றைவிட்டு இந்தப் பக்கம். பிடி தளர்ந்ததும் குழந்தை ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. செண்பகம் கல்லைக் கட்டிக்கொண்டு வயிற்றிலிருந்து அழுதாள். நான் மெதுவாகப் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் அவள் தேறியதெல்லாம் உனக்குத் தெரியும். சபையில் நடந்ததை உன் பசங்களுக்குக் கட்டாயம் சொல். ஏழுமலையின் உறவினர்கள் சபை வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். அப்போதும் வீடியோவை நீக்கக் கூடாது என்றார் சபையின் மூப்பர். "இது சத்துருவான சாத்தானின் வேலை. எடுத்தா நாம தோத்துட்டதா ஆவும். அவங்க ஆளுங்க வந்து சத்தம் போட்டதே நம்ம ஊழியம் சரியான வழில போவுதுங்கறதுக்கு அடையாளம்" என்று சொன்னார். கெட்டவர் அல்ல அவர். நம்பிக்கைக்குள் இருப்பவர்கள் எது நடந்தாலும் தாங்கள் செய்தது சரி என்பதற்கே சாட்சியாக எடுத்துக்கொள்வோம். ஆட்கள் வந்தாலும் ஜெயம், ஆட்கள் எதிர்த்தாலும் ஜெயம். நம்பாதவர்களின் பிடிவாதத்தைப் பற்றிப் பாடம் எடுப்பதற்கு முன்னால் நம்முடைய இந்தப் பிடிவாதத்தைப் பற்றி எடு. நீ வீடியோவை நீக்கினாய். பிரசங்க மேடையில் நின்று, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தாதீர்கள், என் தவறால் ஒரு குடும்பம் அழிந்திருக்கும் என்று சொன்னாய். சில குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. மூப்பர் இன்னமும் உன்னோடு சரியாகப் பேசுவதில்லை. நீ இப்போது திண்டிவனத்தை விட்டுப் போவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்துகிறது.

வாதங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையிலேயே சந்தேகத்தோடு வரும் கல்லூரிப் பையனுக்கு உன் காரணங்கள் வேண்டும். அவனை வெறும் அழுகையாலும் பாட்டாலும் ஏமாற்றி உள்ளே இழுப்பது அவன் அறிவை அவமதிப்பது. ஆனால் ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டாலும் அது ஒரே கேள்வி அல்ல. கடவுள் இருக்கிறாரா என்று ஒருவன் தெரிந்துகொள்ளக் கேட்பான். இன்னொருத்தி, என் பிள்ளை சாகும்போது எங்கே இருந்தார் என்பதைத்தான் அப்படிக் கேட்பாள். எது எது என்று தெரியும்வரை உன் பசங்கள் வாயைத் திறக்கக் கூடாது. தெரியாவிட்டால் கேட்கட்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். தூக்கமில்லாதவர்கள், புதிதாகப் பறிகொடுத்தவர்கள், பயத்தில் இருப்பவர்கள் இவர்களிடம் இந்த நிமிடமே முடிவு எடு என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த நேரத்தில் அவர்கள் எதற்கும் சரி என்பார்கள். வலி கொஞ்சம் குறைந்தால் போதும் என்பதுதான் அந்தச் சரிக்கு அர்த்தம். அதை விசுவாசம் என்று எண்ணி நாம் கைதட்டுகிறோம். ஆண்டவர் நிஜமாகவே கதவைத் தட்டுகிறார் என்று நம்புகிறவர்களுக்கு, அந்தப் பெண் தூங்கி எழுந்து தெளிவாகும்வரை பொறுக்க ஏன் முடியவில்லை? அவசரம் அவருக்கா நமக்கா?

இன்னும் ஒன்று. கிணற்றருகில் நீ சொன்னதை ஒரு வழிமுறை என்று பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே. டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். வேறொரு நாளாக இருந்தால், வேறொரு பெண்ணாக இருந்தால், அந்த வார்த்தையே இரண்டு உயிரைக் கொண்டுபோயிருக்கும் என்றார். அவர் சொல்வது சரி. நான் படித்தபடி பேசியதும் அன்று அவளை விளிம்புக்குத்தான் தள்ளியது. அதனால் எங்கள் படிப்பு பொய் என்று ஆகாது, நீ செய்தது வித்தை என்றும் ஆகாது. அன்று உன்னிடம் ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அதை அவள் பார்த்தாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்கு மேல் எனக்கும் விளங்கவில்லை.

போன வாரம் மாத்திரை வாங்க ஏழுமலை மட்டும் வந்தார். வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் என் மேஜையருகில் நின்றார். "ஆமான்னு சொல்லுன்னு நான்தான் சொன்னேன் மேடம். ஒரு வார்த்தை. பொய் சொன்னாருன்னு அன்னைக்கு யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டாங்க. எங்கண்ணன் அடிக்க வர்றாரு, பொண்டாட்டி கெணத்து மேல நிக்கிறா. அப்பவும் அந்த மனுசன் ஏன் சொல்லல?" என்றார். அவனிடமே கேளுங்கள் என்றேன். "சாமி மாத்திக்கிறதுக்காகக் கேக்கல. எங்க சாமி எங்களுக்கு இருக்குது. எனக்குத் தெரியணும், அவ்ளோதான். ஞாயித்துக்கெழமை திண்டிவனம் வர்றேன்" என்றார்.

வருவார். உனக்கு வழியனுப்பு ஆராதனை நடக்கும்போது உள்ளே வரமாட்டார், வெளியே பைக் பக்கத்தில்தான் நிற்பார். சால்வை போடுகிறவர்களை விட்டுவிட்டு நீ வெளியே போ. இனி எடுக்கப்போகும் வகுப்பு உன் தலையில் ஓடும், நல்ல பதில் ஒன்று நாக்கு நுனிக்கு வரும். கொஞ்சம் பொறு. எல்லாரும் செண்பகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், நான் உட்பட. அவரும் பிள்ளையைப் புதைத்தவர் என்று யாரும் நினைக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் இருந்தது என்று அவள் இப்போதுதான் என்னிடம் சொன்னாள். ஏழுமலை வைத்த பெயராம். புதைத்த நாளிலிருந்து அவர் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லையாம். என்ன பெயர் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும். அவர் உன்னைக் கேட்பதற்குப் பதில் சொல்லும் முன், தம்பி, நீ அவரிடம் அந்தப் பெயரைக் கேள்.

உன் அம்மா